பூனாகலையில் ஒரு காலிக் கட்டம்

என் வெப்பநிலைப் போர்வையைப் பற்றித் தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு சிறு விளக்கம். தினமும் காலை ஆறு மணிக்கு வெப்பமானியைப் பார்ப்பேன். அன்றைய எண்ணுக்கு எந்த நிறம் என்று ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன். அந்த நிற நூலில், குரோஷே ஊசியால் ஒரு வரி பின்னுவேன். இருபத்தேழு பாகைக்கு மேல் சிவப்பு, அடுத்து செம்மஞ்சள், மஞ்சள் என்று இறங்கி, பதினாறுக்குக் கீழே கருநீலம். ஒரு வருடம் முடிந்தால் முந்நூற்று அறுபத்தைந்து வரி, ஒரு போர்வை. திட்டம் அழகானதுதான். ஆனால் நான் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில்.

பதினொரு மாதமாகச் சிவப்பு, செம்மஞ்சள், மறுபடியும் சிவப்பு. விடாமல் மழை பெய்த ஒரு வாரம் மட்டும் மஞ்சள். என் கணவர் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "இது போர்வையா, அடுப்பா?" என்று கேட்டார். கருநீல உருண்டைகள் இரண்டும் சுற்றிய காகிதம்கூடப் பிரிக்கப்படாமல் கிடந்தன. அந்த நேரத்தில்தான் ஜெனிட்டா அழைத்தாள். நான் வேலை செய்யும் பல் மருத்துவ நிலையத்தில் மூன்று வருடம் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவள். கல்யாணம் முடித்து, பண்டாரவளைக்குப் பக்கத்தில் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். பெப்ரவரி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஞானஸ்நானம், கட்டாயம் வரவேண்டும் என்றாள். நான் முதலில் கேட்டது, "அங்கே காலையில் எத்தனை பாகை?" என்பதுதான். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை 5.55க்குக் கொழும்புக் கோட்டை நிலையத்தில் பதுளை ரயில். இரண்டாம் வகுப்பு முன்பதிவு, எனக்கு 1,800 ரூபாய் ஆனது. பட்டிப்பொலை வரை மழைத் தூறலும் மூடிய ஜன்னலுமாகப் போனேன். அதைத் தாண்டிய சுரங்கத்தில் நுழைந்து வெளியே வந்ததும் பளீரென்று வெயில். ஊவாப் பக்கம் இப்படித்தான், மலைக்கு இந்தப் பக்கம் ஒரு காலம், அந்தப் பக்கம் வேறு காலம் என்று எதிரில் இருந்த ஐயா சாதாரணமாகச் சொல்லிவிட்டு வடையைத் தொடர்ந்தார். அப்புத்தளையில் பனி ரயிலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. பண்டாரவளையில் இறங்கும்போது பிற்பகல் 3.05, அரை மணி நேரம் தாமதம். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அறை, ஒரு இரவுக்கு 4,500 ரூபாய், சுடுநீர் உண்டு என்று எழுதியிருந்தார்கள். எழுதித்தான் இருந்தார்கள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பதினைந்து பாகை! போர்த்திய கம்பளியோடு ஜன்னலருகில் உட்கார்ந்து, பல் தந்தியடிக்க முதல் நீல வரியைப் பின்னினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் குளிரில் நடுங்கியது கிடையாது.

பத்து மணிக்கு ஜெனிட்டாவின் கணவன் அந்தோனி தன் ஆட்டோவோடு வந்தான். சந்தைக்கு மரக்கறி வாங்க வந்தவன், என்னையும் சாமானோடு ஏற்றிக்கொண்டான். பூனாகலைக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர், வளைவுகளில் 40 நிமிடம். வேறு ஆட்டோ என்றால் 1,500 கேட்பார்கள், பஸ்ஸுக்கு 90.

"எல்லா வேலையும் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டேன்.

"எல்லாம் ரெடிக்கா. போர்வையில மட்டும் ஒரு கட்டம் நிக்குது," என்றான் அந்தோனி. வளைவில் ஹார்ன் அடித்தான்.

அது என்ன போர்வை என்பது ஜெனிட்டாவின் வீட்டில் தெரிந்தது. தோட்டத் தொழிலாளர்களின் அந்த லயத்தில் எதிரெதிர் வரிசையாகப் பத்து வீடு. யாராவது பிள்ளை உண்டாகியிருப்பதாகச் சொன்னதும் மற்ற ஒன்பது வீட்டுப் பெண்களும் மாதத்துக்கு ஒருவராகப் பிரித்துக்கொள்வார்களாம். தன் மாதம் தனக்கு எந்த நிறத்தில் தெரிந்ததோ அந்த நிறத்தில் ஒரு சதுரம் பின்னவேண்டும். வேதக்காரர் வீட்டுப் பிள்ளை என்றால் ஞானஸ்நானத்துக்கு, இந்துக்கள் என்றால் பேர் வைக்கிற அன்றைக்கு, ஒன்பது சதுரத்தையும் மூன்றுக்கு மூன்றாக இணைத்துப் பிள்ளையைப் போர்த்துவார்கள். சில வருடங்களுக்கு முன் பெண்களே விளையாட்டாக ஆரம்பித்ததுதான், இப்போது யாரும் விடுவதில்லை.

கட்டிலில் விரித்திருந்ததைக் குனிந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். ஏப்ரலுக்கு வெயில் மஞ்சள். மே மாதத்துக்கு வெசாக் பண்டிகைக் காகிதக் கூட்டின் ரோஸ். காற்றடிக்கிற ஜூலைக்கு மண் நிறம். நவம்பருக்கு, பாதையில் வழிந்த சேற்றின் சிவப்பு. டிசம்பருக்குப் பனி வெள்ளை. வெப்பமானியே இல்லாமல் என்னைவிட ஒழுங்காகப் பருவங்களைப் பின்னியிருந்தார்கள். ஆனால் நட்டநடுவில், ஆகஸ்ட் இருக்கவேண்டிய இடத்தில், ஓட்டை.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். யாரோ வேலை மிகுதியில் முடிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஜெனிட்டா குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டுத் தூங்கவைக்கப் போன நேரத்தில், கருநீல நூலை எடுத்து, அளவு பார்த்து ஒரு சதுரம் பின்னி, ஓட்டையில் வைத்துத் தைத்தும் விட்டேன். ஒன்றரை மணி நேர வேலை. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆச்சரியப்படுத்தப் போகிறேனாம்.

ஜெனிட்டா வந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "நல்லா இருக்குக்கா," என்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, கத்தரிக்கோலை எடுத்து என் தையலை ஒவ்வொன்றாக வெட்டினாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், கோபமும் வந்தது.

"கோவிச்சுக்காதீங்க. அது சரசுவோட எடம்."

சரஸ்வதி எதிர் வீடு. இருவருக்கும் ஒரே மாதத்தில் கல்யாணம், போன ஏப்ரலில் ஒரே வாரத்தில் இருவருக்கும் நாள் தள்ளிப்போனது. ஒருத்தி பிள்ளைக்கு மற்றவள் பின்னுவதாகப் பேசி, சரஸ்வதி ஆகஸ்ட் மாதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த ஆகஸ்டில்தான் அவளுடைய கர்ப்பம் கலைந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தவள், அதன் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. குழந்தை பிறந்தும் வந்து பார்க்கவில்லை.

"அவளப் போய்க் கேக்க முடியுமாக்கா, எம்பிள்ளைக்கு ஆகஸ்ட் மாசத்தப் பின்னிக் குடுன்னு? வேற ஆளப் போடச் சொல்லி எல்லாரும் சொன்னாங்க. வேற ஆளு போட்டா, நீ இனி வர வேணாம்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும். ஓட்டையோடவே கோயிலுக்குத் தூக்கிட்டுப் போறேன். என்னைக்கு வந்தாலும் அவ எடம் இருக்கணும்."

என் சதுரத்தை மடித்து என் கையில் தந்தாள். அன்று சாயந்தரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் சிரித்துப் பேசிச் சமையலுக்கு வெங்காயம் உரித்தார்கள். எதிர் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. நான் வெங்காயத்தைச் சாக்கு வைத்துக் கொஞ்சம் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி. இரவு ஜெனிட்டா வீட்டில் தங்கிய நான் வெப்பமானியோடு நடு முற்றத்தில் நின்றிருந்தேன். பனியில் எதிர் வீடே மங்கலாகத் தெரிந்தது. அந்தப் பக்கமிருந்து தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண் வந்து நின்றாள். மெலிந்த முகம், தலையில் துண்டு.

"என்னக்கா பாக்குறீங்க?"

சரஸ்வதிதான் என்று தெரிந்தது. இந்த முறை வாயை அடக்கிக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். பதினான்கு பாகை, அதற்கு நீலம் என்று அட்டவணையைக் காட்டினேன்.

"அப்போ அன்னைக்கு மனசு எப்படி இருந்துச்சுன்னெல்லாம் பாக்க மாட்டீங்க? நம்பரப் பாத்து நெறம் போட்டுருவீங்க?"

"ஆமா."

"அது நல்லாருக்கே," என்றாள். குடத்தைக் கீழே வைத்தாள். "ஆகஸ்டு என்ன நெறம்னு யோசிச்சு யோசிச்சே ஆறு மாசம் போயிருச்சுக்கா. எந்த நூல எடுத்தாலும் கை ஓடல." தலைத்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நேத்து நீங்க ஒண்ணு போட்டீங்களாமே, அவ பிரிச்சிட்டாளாமே. அதக் குடுங்க."

லயத்தில் எந்தச் செய்தியும் சுவரில் நிற்காது. உள்ளேபோய் எடுத்து வந்து கொடுத்தேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள், நூல் முனையைக் கண்டுபிடித்து இழுத்தாள். என் ஒன்றரை மணி நேர வேலை சர்ரென்று அவிழ்ந்து, நெளிநெளியான நூலாக அவள் கையில் சேர்ந்தது. ஊசியைக் கேட்டு வாங்கி, முற்றத்துத் திண்டிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தாள். ஆராதனை ஒன்பதரைக்கு. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

எட்டு மணிக்கு முன் முடிந்துவிட்டது. அவள் எழுந்து, ஆறு மாதமாக மிதிக்காத வாசலில் போய் நின்றாள்.

"ஜெனி, ஊசி நூல் இருக்கா?"

ஜெனிட்டா குழந்தையைத் தோளில் சாய்த்தபடி ஓடிவந்தாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சரஸ்வதி தைத்துக்கொண்டிருந்தாள், குழந்தை அவள் மடியில் இருந்தது. கோயிலில் பாதிரியார் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றியதும் பாப்பா கூரை அதிரக் கத்தியது. முன் வரிசையில் நெற்றியில் விபூதியோடு இருந்த சரஸ்வதிதான் போர்வையை விரித்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. ரயில் இருக்கைக்கு ஒரு மாதம் முன்பே முயலுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடும், புறப்படுமுன் விசாரியுங்கள். பெப்ரவரி, மார்ச்சில் காலை குளிர், பகல் நல்ல வெயில். பண்டாரவளைக் கடைகளில் கம்பளி நூல் உருண்டை 350 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. சிவப்பும் வெள்ளையும் நிறைய, நீலம் குறைவு. லய வீடு சுற்றுலா இடம் அல்ல, அழைத்தால் மட்டும் போங்கள். போன இடத்தில் ஒரு ஓட்டையைப் பார்த்தால், அடைப்பதற்கு முன் அது யாருடையது என்று கேளுங்கள். நான் கேட்காமல் கற்றுக்கொண்டது அது.

என் போர்வை மார்ச்சில் முடிந்தது. படம் போட்டதும் பலர் கேட்டது ஒரே கேள்வி: சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில், பெப்ரவரியில், சனிக்கிழமையின் நீலத்தை அடுத்து ஒரே ஒரு வரி கிளிப்பச்சை இருக்கிறதே, அது எத்தனை பாகை?

அட்டவணையில் பச்சை கிடையாது. அன்று நான் ஆட்டோவில் ஏறும்போது சரஸ்வதி ஒரு சிறிய உருண்டையை என் பையில் போட்டாள். குழந்தைத் தொப்பி ஒன்றுக்காக வாங்கி, நாலு சுற்றோடு நின்றுபோன நூல். "வீட்டுல வச்சிருக்கவும் முடியல, வீசவும் முடியலக்கா. உங்க போர்வையில ஒரு வரி போட்டுருங்க," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூனாகலையில் பதினான்கு பாகை. என் போர்வையில் வெப்பமானியைக் கேட்காமல் நான் பின்னிய வரி அது ஒன்றுதான்.