அஸ்தினாபுரத்திலிருந்து தாம்பரம்: போகிப் புகையில் ஏழு கிலோமீட்டர்

போகியன்று விடிகாலையில் சென்னைப் புறநகரில் குழந்தையோடு பயணம் செய்யலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் ஒருமுறை செய்திருக்கிறேன். 1998 ஜனவரி. அஸ்தினாபுரத்திலிருந்து தாம்பரம், ஏழு கிலோமீட்டர்தான்.

அக்கா குடும்பம் அப்போது கோலாலம்பூரில் இருந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு பக்கத்து நாட்டில் காட்டைக் கொளுத்தியதில், அந்தப் புகை கடல் தாண்டி வந்து அவர்கள் ஊரை மூடிவிட்டது. அக்கா மகள் மீனாவுக்கு ஆறு வயது, வீசிங். நான் போனிலேயே அந்த நாட்டுக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "இங்க கூட்டிட்டு வந்துடுக்கா, நல்ல காத்து" என்று பொங்கலுக்கு அழைத்ததும் நான்தான்.

போகிக்கு எதிர்வீட்டுக்காரர் மூன்று பழைய டயர் சேர்த்து வைத்திருந்தார். நான் விடுவேனா? ஐந்து சேர்த்தேன். வெட்டவெளியில் எரிகிற புகை சட்டென்று கலைந்துவிடும் என்று நினைப்பு. நாலு மணிக்குக் கொளுத்தினேன். நாலரைக்கு அக்கா மீனாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள். இன்ஹேலர் இரண்டு முறை அடித்தும் கேட்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தையின் விலா உள்ளே ஒட்டியது.

4:50க்கு ஆட்டோ கிடைத்தது. வழக்கமாக நாற்பது ரூபாய், எழுபது கேட்டார். மறுபேச்சு பேசாமல் ஏறினோம். குரோம்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் போகும் சத்தம் கேட்டது, புகையில் ரயில் தெரியவில்லை. பதினோரு நிமிடம். மீனாவின் உதடு நீலம் பாரிக்கிறதா என்று குனிந்து பார்த்தேன், அந்த வெளிச்சத்தில் அதுவும் தெரியவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் நடக்கிற வேகத்தில்தான் போனோம்.

"உங்க தெருவுலதான் சார் ரொம்ப ஜாஸ்தி. அதான் இங்கவரிக்கும் வந்துகினு கீது" என்றார் டிரைவர். அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாம்பரத்தில் நர்சிங் ஹோம் வாசலில் இறங்கும்போது மணி 5:45. இருபது நிமிட வழிக்கு ஐம்பத்தைந்து நிமிடம். உடனே நெபுலைசர் வைத்தார்கள்.

போகிக்கு வருகிறவர்களுக்கு: விடிகாலை விமானம் வேண்டாம், தரையிறங்க முடியாமல் போகலாம். வீசிங் உள்ள குழந்தை என்றால் நெபுலைசர் எங்கே இருக்கிறது என்று முந்தின நாளே விசாரித்து வையுங்கள். ஜன்னலில் ஈரத்துணி கட்டினால் போதும் என்பதை நம்பாதீர்கள். காட்டுக்குத் தீ வைத்தவர்களும் என்னைப் போலத்தான் நினைத்திருப்பார்கள், நம் இடத்தில் நாம் எரிக்கிறோம், யாருக்கு என்ன என்று.

ஏழு மணிக்கு முகமூடியை எடுத்தார்கள். மீனாவுக்குப் பேச்சு வந்தது.

"மாமா, இது எந்த நாட்டுப் புகை?"

நான் சொல்லட்டும் என்று அக்கா காத்திருந்தாள்.

"என்னுதும்மா" என்றேன்.