பதிவேட்டில் செடி சேகரிப்பவர்

1937 ஜூன் மாதம் நசீராவுக்கு வந்த நியமன உத்தரவில் பதினொரு நிபந்தனைகள் இருந்தன. ஒன்பதாவதை மட்டும் அவர் தம் தந்தைக்குத் தமிழில் சொன்னார். பெண் விரிவுரையாளர் திருமணம் செய்துகொண்டால் அன்றைக்கே வேலை முடிந்துவிடும்.

தந்தை தாவூத் ஊட்டி கடைவீதியில் காய்கறி விதை விற்பவர். பீட்ரூட் விதையைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்.

"ஆம்பளை வாத்தியாருக்கும் இப்படித்தானாம்மா?"

"அவங்களுக்கு இல்லீங்க அத்தா."

"அப்ப இது என்ன சட்டம்?" என்று முணுமுணுத்தவர், பொட்டலத்தை முடிந்து வைத்துவிட்டு, "போய்ச் சேரு. மத்ததைப் பின்னாடி பாத்துக்கலாம்" என்றார்.

வேலை சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில். தாவரவியலுக்கு நசீரா ஒருவர்தான். கோடை விடுமுறைக்கு மலைக்கு வந்தால் வீட்டில் தங்குவதே இல்லை. மாணவிகளுக்குக் காட்டப் பாசியும் பெரணியும் தேடி அலைவார். அப்படி ஒருமுறை நடுவட்டம் சிங்கோனா தோட்டத்துக்குப் போனபோதுதான் நூருல்லாவைப் பார்த்தார். அங்கே சிங்கோனா மரப்பட்டையிலிருந்து மலேரியாவுக்கான கொய்னா மருந்து செய்யும் தொழிற்சாலையில் அவர் ஆய்வுக்கூட உதவியாளர். பூவோடு ஒரு கிளை வேண்டும் என்று நசீரா கேட்டார். இரண்டு மணி நேரம் சரிவில் ஏறி இறங்கி மூன்று கிளை கொண்டுவந்தார் நூருல்லா. எது நன்றாக இருக்கிறதென்று தமக்குத் தெரியவில்லை என்றார்.

அடுத்த வருஷம் அவர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். நசீரா அவரிடமே ஒன்பதாவது நிபந்தனையைச் சொன்னார்.

"நானு காத்திருக்கறனுங்க. உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்க" என்றார் நூருல்லா.

இரண்டரை வருஷத்துக்கு மேல் காத்திருந்தார். வேறு இடம் பார்க்கச் சொன்ன உறவுக்காரர்களுக்குப் பதிலே சொல்லவில்லை. 1941 கடைசியில் நசீராவே கடிதம் எழுதினார். 'இந்த டிசம்பரில் வருகிறேன். நிக்காஹ்வுக்கு நாள் பார்க்கச் சொல்லுங்கள்.'

கல்லூரி முதல்வர் மிஸ் ஹார்ட்லி அவரைத் தனியாக அழைத்துப் பேசினார்.

"ஏன் என்னிடம் சொன்னாய்? சொல்லாமல் இருந்திருந்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன்."

"கல்யாணத்தை மறைச்சு வைக்க எனக்கு வராதுங்க, மேடம். அவர் என் வீட்டுக்காரர்னு நாலு பேர்கிட்ட சொல்லணும்."

நாலரை வருஷ வேலை ஒரு கையெழுத்தில் முடிந்தது. நடுவட்டத்தில் தொழிற்சாலைக் குடியிருப்பில் வாழத் தொடங்கினார்கள். நசீரா சந்தோஷமாகத்தான் இருந்தார். ஆனால் பத்து மணியானால் எழுந்து நின்று அங்குமிங்கும் நடப்பார். அது வகுப்பு தொடங்கும் நேரம். நூருல்லா இதைக் கவனித்திருந்தார்.

1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்களுக்குப் பயந்து சென்னை காலியானது. மிஸ் ஹார்ட்லியின் கல்லூரி இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி குன்னூரில் ஒரு பழைய பங்களாவுக்கு வந்தது. தாவரவியல் எடுக்க ஆள் கிடைக்கவில்லை. மலைக்கு வர யாரும் சம்மதிக்கவில்லை. மிஸ் ஹார்ட்லி நடுவட்டத்துக்கே வந்துவிட்டார்.

"விரிவுரையாளராக உன்னை எடுக்கச் சட்டம் விடாது. ஆனால் செடி சேகரிப்பவர் என்று ஒரு பணியிடம் காலியாக இருக்கிறது. அதற்குத் திருமணம் பற்றி யாரும் எதுவும் எழுதிவைக்கவில்லை."

நசீரா கணவரைப் பார்த்தார்.

"போ நசீரா. இங்க நாளெல்லாம் சன்னலைப் பாத்துட்டு இருக்கறதுக்கு அது தேவலை. ஞாயித்துக்கெழமை நான் பஸ்ஸேறி வந்தர்றேன்."

உலகத்துக்கே சிங்கோனாப் பட்டை தந்துகொண்டிருந்த ஜாவா தீவு ஜப்பானியர் கைக்குப் போனதால் கொய்னாவுக்குக் கடும் தேவை ஏற்பட்டிருந்த காலம் அது. தொழிற்சாலையில் ஞாயிறு தவிர லீவு இல்லை. அந்த ஒரு நாளில் நூருல்லா குன்னூருக்கு வந்து, மனைவியோடு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். மழையில் சாலை சரிந்த ஒரு வாரம் பாதி வழி நடந்தே வந்தார்.

பதிவேட்டில் செடி சேகரிப்பவர். வகுப்பில் ஏழு பெண்களுக்கு விரிவுரையாளர். எட்டு மாதம் இப்படி ஓடியது. நசீரா கருவுற்றிருந்தார். 1943 பிப்ரவரியில் முன்னறிவிப்பின்றி ஒரு கல்வி அதிகாரி வந்து வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்தார். நசீரா பாடத்தை நிறுத்தவில்லை. முடிந்ததும் அதிகாரி எழுந்து, "இந்த வகுப்பின் விரிவுரையாளர் யார்?" என்று கேட்டார்.

மிஸ் ஹார்ட்லி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நசீரா சொல்லிவிட்டார்.

"நான்தான் சார்."

"கல்யாணம் ஆனவரா?"

எட்டு மாத வயிற்றோடு நின்ற நசீராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரியும் தலையைக் குனிந்துகொண்டார். "நல்லாப் பாடம் எடுக்கறீங்கம்மா. ஆனா நான் எழுதித்தான் ஆகணும்" என்றார். எழுதினார். ஒரே வாரத்தில் பணிநீக்க உத்தரவு வந்தது. கல்லூரி வளாகத்தில் அவர் பாடம் எடுக்கக் கூடாது என்றும் அதில் இருந்தது. தேர்வுக்கு மூன்று வாரம்தான்.

பிரசவத்துக்கு ஊட்டியில் தந்தை வீட்டுக்கு வந்தார் நசீரா. வந்ததிலிருந்து அழுதுகொண்டே இருந்தார். மூன்றாம் நாள் காலை ரயிலில் ஏழு பெண்களும் வந்து இறங்கி, கடைவீதியில் தாவூத்தின் கடையைத் தேடிப் பிடித்தார்கள். அவர்களில் வேலாமணி என்பவள்தான் பேசினாள்.

"ஏனுங்க, மேடம் இருக்காங்களா? காலேஜுலதான பாடம் எடுக்கக் கூடாது? இது கடைதானுங்களே?"

 தாவூத் விதைக் கிடங்கின் கதவைத் திறந்து, உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தாமே சுவரோரம் இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. இங்க சட்டமெல்லாம் என்னுதுதான்" என்றார்.

வாரத்துக்கு இரண்டு நாள் வந்தார்கள். முளைவிட்ட பீன்ஸையும் பட்டாணியையும் கையில் பிரித்து வைத்தே நசீரா பாடம் நடத்தினார். முதல் ஞாயிற்றுக்கிழமை வந்த நூருல்லா, மனைவி சிரித்துப் பேசும் சத்தம் கிடங்கிலிருந்து கேட்டதும் உள்ளே போகாமல், வகுப்பு முடியும்வரை வெளியிலேயே நின்றார். மாமனார் அழைத்தும் வரவில்லை. தேர்வு முடிந்த நாலாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. முனவ்வரா என்று பெயர் வைத்தார்கள். ஏழு பேரும் தேறினார்கள்.

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் கழித்து அந்த விதியை எடுத்துவிட்டார்கள். நசீரா மறுபடியும் விண்ணப்பித்தார். சென்னையில் அதே கல்லூரியில் வேலை கிடைத்தது, ஆனால் பழைய நாலரை வருஷமும் செடி சேகரித்த எட்டு மாதமும் கணக்கில் வரவில்லை. முப்பத்தேழு வயதில் பணிமூப்புப் பட்டியலின் கடைசிப் பெயர் அவருடையது. அவருக்கு இரண்டு இடம் மேலே வேலாமணியின் பெயர் இருந்தது. முதல் நாள் ஆசிரியர் அறையில் அவள் பதறி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள்.

"உக்காரும்மா, நீதான் சீனியர்" என்றார் நசீரா. அன்று மாலை மட்டும் கொஞ்சம் மனம் கனத்தது என்று பின்னாளில் மகளிடம் சொல்லியிருக்கிறார்.

நூருல்லா சிங்கோனா வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து, ஒரு மருந்துக் கடையில் சேர்ந்தார். நடுவட்டத்துக் குளிரில் வளர்ந்த உடம்புக்கு அந்த வெயில் ஒத்துக்கொள்ளவேயில்லை. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு விசிறியோடு உட்கார்ந்திருப்பார். ஊருக்கே திரும்பிவிடலாமா என்று நசீரா கேட்டால் விசிறியை அவர் பக்கம் திருப்பி வீசியபடி சொல்வார்:

"வேர்க்கட்டும் போ. ஒரே ஊட்டுல இருக்கறமில்ல."