வெயில்காலத்துச் சலாகை

யோகேஸ்வரி அக்கா காலமான செய்தி ஹட்டன் பஸ்ஸில் இருந்தபோது எனக்கு வந்தது. மாரடைப்பாம். "ரெண்டு பேரும் பக்கத்து மேசைதானே, ஒங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும்" என்றார் தொலைபேசியில் பேசிய நண்பர். எனக்கு அழுகைக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது.

தேயிலைத் தோட்டங்களின் தண்ணீர் வசதியைக் கணக்கெடுக்கும் எங்கள் சிறிய அலுவலகத்தில் நானும் அவரும் ஒன்றாகத்தான் பைத்தன் என்ற கணினி மொழியைக் கற்றோம். திரையில் சிவப்பாகப் பிழை வந்தால் நான் எரிந்து விழுவேன். "கோவப்படாதீங்க தம்பி, அது நமக்கு என்னமோ சொல்லுது, படிச்சுத்தான் பாருங்களேன்" என்பார். நான் படிக்கமாட்டேன். அவர் படிப்பார்.

போன மாதம் அதிகாரிகளுடன் நடந்த கூட்டத்துக்குப் படம் போட்டவன் நான். எத்தனை வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று, ஒவ்வொரு தோட்டத்துக்கும் வெயில்காலத்துக்கு எண்ணிக்கைக்கேற்ப உயரும் பட்டையாக ஒரு சலாகை, மழைக்காலத்துக்கு ஒரு சலாகை. வெயில்காலத்தை வரைந்து, அதே இடத்தில் மழைக்காலத்தையும் வரையச் சொல்லிவிட்டேன். பைத்தன் சொன்னதைச் செய்தது. உயரமான சலாகை குட்டையானதை முழுக்க மறைத்துக்கொண்டது.

"தம்பி, வெயில்காலத்தக் காணோமே" என்றார் அக்கா, தலவாக்கலைப் பக்கமிருந்த தன் தோட்டத்தின் பெயரைக் காட்டி. "அது ஒங்க தோட்டம்ல, அதான் ஒங்களுக்கு அப்படித் தெரியுது" என்றேன், எல்லார் முன்னாலும். சிரித்தார்கள். இதை வாசிக்கும் அலுவலக நண்பர்களே, உங்களில் சிலரும் சிரித்தீர்கள். அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர்த் தாங்கி தேவையில்லை என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள்.

அலுவலகம் திரும்பியதும் அவர் என் மேசைக்கு வந்து, ஒரு சலாகையைக் கொஞ்சம் இடப்பக்கமும் மற்றதைக் கொஞ்சம் வலப்பக்கமும் தள்ளிவைத்தார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவருடைய தோட்டத்து வெயில்காலம் தரையோடு கிடந்தது. "சண்டைக்குச் சொல்லல தம்பி. நீங்களே அதிகாரிங்களுக்கு அனுப்பிருங்க. நான் அனுப்புனா ஒங்களுக்கு நல்லா இருக்காது" என்றார். அனுப்பினால் என் பிழை வெளியே தெரியுமே என்று நாளைக் கடத்தினேன்.

சாவு வீட்டுக்குப் போனோம். மழையில்லாத நாட்கள். பெண்கள் கீழேயிருந்த ஊற்றுப் பீலியில் தண்ணீர் பிடித்து, வரிசை வீடுகளான லயத்துக்குச் சுமந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கணவர் என் கையில் பிளேன்டிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு உறவினர்களிடம் சொன்னார்: "இந்த சார்தான் நம்ம லயத்துக்குத் தண்ணி வர்றதுக்குப் படம் போட்டு அனுப்பிருக்காங்க. அவ சொல்லிக்கிட்டே இருந்தா."

இல்லை என்று சொல்லாமலே பிளேன்டியைக் குடித்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை, பிழை என்னுடையது, திருத்தியவர் யோகேஸ்வரி என்று எழுதிப் படத்தை அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த லயத்தில் எனக்கிருக்கும் நல்ல பெயர். நான் எதுவுமே செய்யாமல் இருந்த நாட்களில் அவர் எனக்கு வாங்கிக் கொடுத்தது அது.