அக்காவின் பக்தி

அக்கா பத்தாவது படித்த வருஷத்து மார்கழி அது. நான் அப்போது மூன்றாவது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருப் பெண்கள் விடியுமுன் கூடிப் பாசுரம் சேவிப்பார்கள். அக்கா டியூஷன் முடிந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து வீடு சேர்ந்து, வீட்டுப்பாடம் எழுதி முடித்துப் படுத்தாலும் தூக்கம் வராமல் புரளுவாள். ஒருவழியாக வந்த தூக்கத்தை நாலு மணிக்கு அம்மா கலைத்துவிடுவாள். பச்சைத் தண்ணீர்க் குளியல், பட்டுப் பாவாடை, கோஷ்டியில் முதல் வரிசை. "பொம்மனாட்டிக் குழந்தை இப்படியா தூங்குவா?" என்று தினமும் ஒரு பாட்டம் திட்டு வேறு. அப்பா தன் பங்குக்குச் செல்போனைக் குற்றம் சொல்வார்.

ஒருநாள் பாசுரத்தின் நடுவில் அக்கா கண்ணை மூடி மெல்ல ஆடத் தொடங்கினாள். எதிர்வீட்டு மாமி பார்த்துவிட்டாள்.

"குழந்தை எப்படி லயிச்சுப் போயிட்டா, பாருங்கோ! நம்மாத்துல ஒண்ணாவது இப்படி இருக்கா?"

அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நின்றபடியே தூங்குகிறாள் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் முதல் அக்காதான் எல்லோருக்கும் முன்னால் வந்து கோலம் போட்டு விளக்கேற்ற வேண்டும் என்று மாமிகள் முடிவு செய்தார்கள். இருந்த கொஞ்சம் தூக்கமும் போயிற்று. எனக்கோ ஒரே பொறாமை. நானும் கண்ணை மூடி ஆடிப் பார்த்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

மாதம் முடிவதற்குள் அக்கா பொங்கல் பாத்திரத்தோடு கற்படியில் சரிந்து விழுந்தாள். புருவம் கிழிந்து பாவாடையெல்லாம் ரத்தம். "நான் தூங்கலைம்மா, சத்தியமா தூங்கலை" என்றுதான் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, ட்ரிப்ஸ் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். டாக்டரம்மா அப்பாவைக் கடிந்துகொண்டார்.

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்குங்க. இந்த வயசுல தூக்கமே லேட்டாத்தான் வரும். காலையிலயாவது விட வேணாமா? ரெண்டு பக்கமும் பிடுங்கிக்கிட்டா புள்ள என்னங்க செய்யும்?"

அக்கா அன்றும் மறுநாளும் தூங்கிக்கொண்டே இருந்தாள். செத்துப்போய்விட்டாளோ என்று பயந்து நான் அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தபடி இருந்தேன். வீட்டுக்குப் போகலாம் என்று அப்பா வந்து சொன்னபோது, அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நாள் நான் இங்கயே இருக்கட்டுமாம்மா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது. நம் வீட்டில் இல்லாத எது இந்த மருந்து நாற்றத்தில் அவளுக்குக் கிடைத்துவிட்டது என்று அன்று எனக்குப் புரியவில்லை.