எட்டடிக் கம்பியும் இடது சீட்டும்

அத்தானுக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. தட்டில் சோறு போட்டு வைத்தால்கூட எழுந்து போய் எதையாவது அளந்துவிட்டு வருவார். ஜன்னல் திரைதான் அவர்கள் தொழில். என் அக்கா தைப்பாள், அவர் மாட்டுவார். இடுப்பில் எந்நேரமும் தொங்கும் டேப்பைப் பார்த்துக் கடைக்காரர்கள் அவருக்கு 'இன்ச்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பதினோரு வருஷமாக ஸ்கூட்டர்தான். பின்னால் அக்கா, அவள் தோளில் திரை மாட்டுகிற எட்டடி மரக்கம்பி. பஸ்காரர்கள் திட்டாத நாள் கிடையாது. இப்போது கையைத் தூக்கித் தலை வாரக்கூட அவளால் முடியவில்லை. அதைப் பார்த்த நாளிலிருந்து, ஒரு குட்டி வேன் வாங்கியே தீருவது என்று அத்தான் அலைய ஆரம்பித்தார்.

பழைய வண்டி விற்பவரிடம் ஒன்று இருந்தது. தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி. ஒரே வாரத்தில் ஐந்து தடவை போய்ப் பார்த்தார். என்னையும் இழுத்துக்கொண்டு போய், டயரை உதைத்துப் பார், கதவைச் சாத்திப் பார் என்று உயிரை வாங்கினார். ஐந்தாவது தடவை விற்பவருக்குப் பொறுமை போய்விட்டது. "நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் சார் பாப்பேன். பேக்கரிக்காரர் ஒருத்தர் கேட்டுட்டே இருக்காரு."

அன்று சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் வேனின் தரையை அளவு மாறாமல் சாக்பீஸால் வரைந்தார். ஏணி, டிரில் பெட்டி, துணிக்கட்டு எல்லாம் அடங்கின. கம்பி அடங்கவில்லை. கூரைமேல் கட்டினால் பாலிஷ் உரியும். இரண்டு சீட்டுக்கும் நடுவில் விட்டால் கியர் போட முடியாது. இரண்டு துண்டாக வெட்டி மூட்டு வைத்தால் திரை வளையம் அங்கே சிக்கும். மூட்டுக் கம்பி மாட்டுவதற்குத் தொழிலையே விட்டுவிடலாம் என்று ஊரெல்லாம் சவடால் அடித்தவர் அவர். குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். கடைசியில் இடது சீட்டின் கட்டத்தைக் காலால் அழித்துவிட்டுக் கம்பியை நீட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"பாத்தியா மச்சான்!" என்று குதித்தார்.

தையல் மெஷினை விட்டு எழுந்து வந்த அக்கா கட்டத்தைப் பார்த்தாள். "எல்லாத்துக்கும் இடம் இருக்கு. நான் எங்கங்க உக்கார்றது?"

"நீ எதுக்கு அலையணும்? தைச்சுக் குடுத்துட்டு வீட்டுல நிம்மதியா இரேன். தோள்வலியாவது குறையும்."

"குறையும், குறையும். நான் தைச்ச கர்ட்டன் ஜன்னல்ல எப்படித் தொங்குதுன்னு பாத்துட்டுத்தான் இத்தனை வருஷமா வீட்டுக்கு வர்றேன். இனிமே மூட்டை கட்டிக் குடுத்துட்டு இந்தச் சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கணும். அப்படித்தானே?"

அவள் குரல் உடைந்துவிட்டது. எனக்கு அத்தான்மேல் கோபம் கோபமாக வந்தது. ஊரையே அளக்கிற மனுஷனுக்குப் பெண்டாட்டிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் அவர்கள் கம்பியோடு ஸ்கூட்டரில் போனார்கள், நான் பஸ்ஸில் போனேன். அத்தான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அத்தான் காலையிலேயே போனில் சொல்லியிருந்தபடி விற்பவர் ஸ்பேனரோடு வந்து, "சீட்டைக் கழட்டிடலாமா?" என்றார். முதல் போல்ட் கழன்றது. இரண்டாவதில் ஸ்பேனரை வைத்ததும் அத்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். சீட்டு இருக்கட்டும். கம்பியை ரெண்டா வெட்டிக்கிறேன்."

சொல்லும்போது அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"மூட்டு வச்சு மாட்டிடுவீங்களாக்கும் நீங்க!" என்றாள் அக்கா. போய் இடது சீட்டில் ஏறினாள். ஒரு போல்ட் இல்லாததால் சீட்டு ஆடியது. பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். "டேய், பின்னாலேருந்து கம்பியைத் தள்ளுடா."

தள்ளினேன். அவளுடைய அதே தோளில் ஏறி, ஜன்னல் வழியாக ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது கம்பி. வலியில் உதட்டைக் கடித்தாள். ஆனால் இறங்கவில்லை.

அத்தான் டேப்பை எடுத்தார். எதை அளப்பது என்று தெரியாமல் திரும்ப வைத்துவிட்டார். பிறகு நடுத்தெருவில் சட்டையைக் கழற்றி, நாலாக மடித்து, கம்பிக்கும் அந்தத் தோளுக்கும் நடுவில் செருகினார்.

"அந்த போல்ட்டைப் போட்டுடுங்க," என்றார் விற்பவரிடம்.