பதினாறு வருடப் பழைய அட்டை

அவர் காற்று உருளையோடு கடலில் மூழ்கக் கற்றுத்தரும் ஸ்கூபா பயிற்சியாளர். ஒருநாள் மனைவியின் தம்பி, பதினாறு வருடங்களுக்கு முன் வாங்கிய சான்றிதழ் அட்டையோடு வந்து நின்றான். அதற்குப் பிறகு அவன் கடலில் இறங்கியதே இல்லை.

"முதல்ல நீச்சல் குளத்துல ஒருதடவை இறங்கிப் பாத்துக்கலாம், மாப்ள."

"அட்டையில காலாவதி தேதியே இல்ல மாமா. நீங்க என்ன புதுசா பரீட்சை வைக்கிறீங்க?"

மைத்துனன் மனம் கோணக்கூடாதென்று நேராகக் கடலுக்கே அழைத்துப் போனார்.

பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் அவன் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது. அதை ஊதி வெளியேற்றும் விதம் அவனுக்கு மறந்திருந்தது. பதறி, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தான். எட்டிப் பிடித்த அவர் கையிலிருந்து அவன் கால் நழுவியது. அடக்கிய காற்று மேலே வரவர விரிந்து, நுரையீரல் கிழிந்து படகிலேயே இறந்தான்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதித்து அட்டையைப் புதுப்பிக்க வேண்டுமென்று அவர் ஸ்கூபா பயிற்சியாளர் சங்கத்துக்கு ஏழு கடிதங்கள் எழுதினார். "கட்டாயம்னு சொன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க சார்" என்றார் செயலாளர். அது உண்மைதான். தன்னிடம் வந்தவர்களை அவர் சோதிக்கத் தொடங்கியதும், அவர்கள் பக்கத்துப் பயிற்சி நிலையத்துக்குப் போய்விட்டார்கள்.

எட்டாவது கடிதம் எழுதும்போது மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஊருக்கெல்லாம் சட்டம் கேக்குறீங்க. அன்னைக்கு 'வேணாம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு எழுதவில்லை.