கட்டெறும்புக்கு வைத்த பொட்டு

வேங்கிக்கால் பக்கம் கோபியின் மரப்பட்டறையில் கதவுகளுக்கு உப்புத்தாள் தேய்க்கும் வேலை ராணியம்மாளுக்கு. நாள் முழுக்க நின்றபடி தேய்க்க வேண்டும். சாயங்காலம் முழங்கால் வீங்கிப் போய், பஸ் படி ஏறுவதே பெரும்பாடு. யாரிடமும் அவள் சொன்னதில்லை. ஒருநாள் காலையில் வந்து பார்த்தால், தேய்க்கிற மேசை ஒரு முழம் குள்ளமாகியிருந்தது. பக்கத்தில் புதுசாக ஒரு முக்காலி.

"மேசைக் கால கரையான் அரிச்சிடுச்சும்மா. அதான் அறுத்துட்டேன்" என்றார் தச்சு வேலை பார்க்கும் சகாதேவன்.

அறுத்த துண்டுகள் மூலையில் கிடந்தன. கரையான் பட்ட தடமே அவற்றில் இல்லை. ராணியம்மாள் அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல முக்காலியில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

சகாதேவனுக்குச் சொந்த ஊர் அடி அண்ணாமலை. பரம்பரையாக விவசாயம் செய்த குடும்பம். இவர் மட்டும் உளியைப் பிடித்தார். மனைவி போய்ச் சேர்ந்து வருஷம் ஆறு ஆகிறது. ஒரே மகள் அபிநயாவை ஓசூரில் கட்டிக் கொடுத்திருந்தார். அதிகம் பேசமாட்டார். அவர் மனசு முழுக்க பட்டறையின் பின்னறையில் ஒரு கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு பழைய வீட்டு நிலைக்கால் பட்டறைக்கு வந்தது. அதைப் பிளந்தபோது உள்ளே அறை அறையாகக் குடைந்து கட்டெறும்புகள் குடியிருந்தன. கோபி மண்ணெண்ணெய் எடுக்க ஓடினான். சகாதேவன் அந்தத் துண்டை மட்டும் சாக்கில் சுற்றித் தனியே எடுத்து வைத்தார். "இது மரத்த தின்னாது தம்பி. இருக்கறதுக்கு எடம் கொடையுது, அவ்ளோதான். நம்ம ஜாதி வேல" என்றார்.

ஒரு மாமரக் கட்டையில் அவரே உளியால் அறைகளும் வழிகளும் செதுக்கி, மேலே கண்ணாடி பதித்து, வெளிச்சம் உறுத்தாமல் இருக்கச் சிவப்புக் காகிதத்தால் மூடினார். காற்றுக்குப் பக்கவாட்டில் ஊசித் துளைகள், ஒரே வரிசையாக இருபத்தொன்று. ஒரு குழாயில் ஈரப் பஞ்சு, ஒரு மூடியில் தேன் கலந்த தண்ணீர். வாரம் இரண்டு முறை செத்த பூச்சியோ வெந்த முட்டையில் கடுகளவோ போடுவார். மிஷின் அதிர்வு ஏறக்கூடாது என்று கட்டைக்கு அடியில் நாலு மடிப்புச் சாக்கு. ராணி எறும்பு வயிறு பெருத்து நடு அறையில் உட்கார்ந்திருக்கும். மற்றவை வாயோடு வாய் வைத்து அதற்கு ஊட்டும். நாலு வருஷத்தில் அது முந்நூறு உருப்படிக் குடும்பமாகிவிட்டது.

"உன் பேருதான் இதுக்கும். ஆனா உன்ன மாதிரி வேல செய்யாது" என்று ராணியம்மாளைச் சீண்டுவார்.

அந்த வருஷம் ஆயுத பூசையன்று ஓசூரில் பேத்திக்குக் காது குத்து. சகாதேவன் முதல் நாளே கிளம்பினார். "பஞ்சு மட்டும் காயாம பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூசையன்று ராணியம்மாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, உளி, இழைப்புளி, ரம்பம், மிஷின் என்று ஒன்று விடாமல் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கடைசியில் பின்னறைக்கு வந்தாள். அதுகளும் மரவேலைதானே செய்கிறது, அதுகளை மட்டும் மூளியாக விடுவதா என்று அவளுக்குத் தோன்றியது. மஞ்சள் தண்ணீரில் துணி நனைத்துக் கட்டையைத் துடைத்தாள். பக்கவாட்டில் வரிசையாகத் தெரிந்த இருபத்தொரு துளைகளின் மேல், இதற்காகவே வைத்த இடம் போல, குழைத்த சந்தனத்தைக் கெட்டியாக இட்டு நடுவில் குங்குமம் வைத்தாள். சாம்பிராணித் தட்டை அறைக்குள் வைத்து, புகை நன்றாகச் சுற்றட்டும் என்று கதவைச் சாத்தினாள். கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாள் விஜயதசமி, அதற்கடுத்து ஞாயிறு. பட்டறை இரண்டு நாள் பூட்டிக் கிடந்தது.

திங்கட்கிழமை சகாதேவன் பின்னறைக்குள் போனார். போனவர் வெளியே வரவில்லை. ராணியம்மாள் எட்டிப் பார்த்தாள். அவர் தரையில் உட்கார்ந்து, ஒரு ஈர்க்குச்சியால் சந்தனத்தை ஒவ்வொரு பொட்டாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அடியில் எறும்புகள் கரித்தூள் கொட்டினாற்போலக் குவிந்து கிடந்தன. அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒரு மூலையில் சந்தனம் காய்ந்து வெடித்து ஒரு துளை மட்டும் திறந்திருந்தது. அதன் ஓரமாக ராணி எறும்பும் பதினொரு எறும்புகளும் ஒட்டிக்கொண்டு அசைந்தன.

கோபி வந்து பார்த்தான். "இன்னாண்ணா, பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிச்சிடலாமா?"

சகாதேவன் சிரிக்கவில்லை. "ஈரத்துல மரம் வீங்கி ஓட்டை அடைச்சிக்கிச்சு தம்பி" என்றார்.

அந்தப் பொய் ராணியம்மாளின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. அவர் திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். அவர் அவளிடம் இரண்டு நாள் பேசவேயில்லை. மூன்றாம் நாள் உப்புத்தாள் நம்பர் கேட்டார், அவ்வளவுதான். ஐப்பசிப் பௌர்ணமிக்கு அவள் வெறுங்காலோடு மலை சுற்றினாள். வழியில் கண்ட புற்றிலெல்லாம் வெல்லம் கலந்த குருணை போட்டாள். கிரிவலப் பாதையின் எட்டு லிங்கத்திடமும் தான் செய்த பாவத்தைச் சொன்னாள். சொல்ல வேண்டிய ஒருவரிடம் மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.

சகாதேவன் அந்தப் பன்னிரண்டு உயிருக்கும் தீப்பெட்டி அகலத்தில் புது வீடு செதுக்கினார். பெரிய வீட்டில் கொஞ்சம் எறும்பு இருந்தால் ஈரம் நிற்காது, குப்பை சேரும், பூஞ்சை பிடிக்கும் என்பது அவர் கணக்கு. ஒரு நாளைக்கு ஒரு தரத்துக்கு மேல் காகிதத்தைத் தூக்கிப் பார்க்கமாட்டார். ராணியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தே நிலவரம் தெரிந்துகொள்வாள். பதினொன்று ஒன்பதாயிற்று, பிறகு ஏழாயிற்று. ஊட்ட ஆளில்லாமல் போனால் ராணியும் போய்விடும். இதற்கிடையில் சகாதேவனுக்கு வெகுநாளாக இருந்த இருமலும் ஜாஸ்தியானது. இருமலை அடக்கிக்கொண்டு, மூச்சுக்காற்று படாமல் முகத்தைத் திருப்பியபடி அவர் தேன்தண்ணீர் வைப்பார்.

கார்த்திகைத் தீபத்துக்குக் கொடியேறிய நாளன்று அவரே கூப்பிட்டார். "ராணிம்மா, இங்க வா. பாரு."

நடு அறையில் குருணை அளவில் வெள்ளையாக ஒரு சின்னக் குவியல். முட்டை.

அவளுக்குக் கண் நிறைந்தது. "ணா, அடைச்சது நான்தான். சந்தனம் வெச்சது நான்தான்."

"எனக்குத் தெரியாதா? கோபி வெச்சா கோணல் மாணலா வைப்பான். இது கோலப்புள்ளி கணக்கா இருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன்ணா ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா வாயில இன்னா வருமோன்னு பயம். எரிச்சலா வந்துச்சு எனக்கு. உன்ன வேலைய உட்டே துரத்தணும்னு கூட ஒரு நேரம் நெனச்சேன். அண்ணாமலையார்தான் வாயக் கட்டினாரு." சொல்லிவிட்டு இருமத் தொடங்கினார். நிற்க வெகுநேரமாயிற்று.

மரத்தூள் நுரையீரலில் இறங்கிவிட்டது, இனி பட்டறைக் காற்றே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மார்கழியில் மகள் வந்து அழைத்துப் போனாள். தையில் அபிநயா போன் செய்தாள். அப்பா நேற்று விடியற்காலையில் போய்விட்டார் என்றாள். ராணியம்மாள் போனை வைத்துவிட்டு முதலில் போய்ப் பார்த்தது எறும்பு வீட்டைத்தான். அது இப்போது அவள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. முட்டையில் பாதி பொரிந்திருக்கிறது, பாதி கருத்துப் போயிற்று. தேறுமா என்று அவளுக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு காலையும் பயந்துகொண்டேதான் காகிதத்தைத் தூக்குகிறாள்.

அவரை அவள் கடைசியாகப் பார்த்தது அந்த மார்கழியில், பஸ் ஸ்டாண்டில். மகள் டிக்கெட் எடுக்கப் போயிருந்தாள். அவர் மடியிலிருந்த துணிப்பையை ராணியம்மாளிடம் நீட்டினார். உள்ளே அந்தத் தீப்பெட்டி வீடு.

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "வேணாம்ணா. என் கையாலதான் அத்தினியும் செத்துச்சு. திரும்பவும் என் கையிலயா?"

"ஓசூர் குளிரு இதுக்கு ஆவாது. பஸ்ஸு குலுக்கல் அதவிட ஆவாது. கோபிகிட்ட குடுத்தா அந்தப் பக்கம் திரும்பிக்கூட பாக்கமாட்டான். நீ ஒருத்திதான் இத ஒரு உசுருன்னு நெனச்சி கும்பிட்டவ."

அவள் பையை வாங்கிக்கொண்டாள். பஸ் நகர்ந்தபோது அவர் ஜன்னலில் தலையைச் சாய்த்து, இருமலுக்கு நடுவே சொன்னார்:

"அடுத்த ஆயுத பூசைக்கும் பொட்டு வையிம்மா. கண்ணாடி மேல வையி. ஓட்டைய மட்டும் உட்டுடு."